பேர் சொல்ல வேண்டாம்

பென்னாகரத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, குடியை விடணும். மீட்டிங் போகலாம்னு பஸ் ஸ்டாண்டுல நின்னா, 'எங்க கிளம்பிட்ட'ன்னு நாலு பேர் கேக்குறாங்க."

டாஸ்மாக் வாசல்ல நின்னப்ப யாரும் கேக்கல பாருங்க!

தம்பி, இந்தக் கூச்சம் புதுசில்ல. பேர்லயே 'அனானிமஸ்' இருக்கே. 1935-ல அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துல, குடியால நொந்துபோன ஒரு பங்குத்தரகரும் ஒரு டாக்டரும் உட்கார்ந்து பேசினதுல ஆரம்பிச்சது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். முழுப் பேர் சொல்ல வேண்டாம், கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தணும்ங்கிற விருப்பம் போதும். முதல் நாள் வாயே திறக்காம, கடைசி வரிசையில உட்கார்ந்து கேட்டுட்டு வரலாம்.

14446-க்குக் கூப்பிடுங்க, இலவசம். தர்மபுரி, சேலம் பக்கம் எங்க உதவி கிடைக்கும்னு கேளுங்க. ஆன்லைன் மீட்டிங்கும் இருக்கு. ஹெட்போன் மாட்டிக்கிட்டு, கேமராவை அணைச்சுட்டு உட்காரலாம். நாலு பேருக்குப் பதில் சொல்லவே வேண்டாம்.

ஒண்ணு மட்டும். தினமும் நிறைய குடிக்கிறவர் சட்டுனு நிறுத்தினா கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். அதனால முதல்ல அரசு மருத்துவமனையில ஒரு டாக்டரைப் பார்த்துடுங்க. போயிட்டு வந்து இன்னொரு வாய்ஸ் நோட் போடுங்க, தம்பி.