தீவுகளின் வகுப்பறையும் நாளைய ஆசிரியரும்

மரைன் ஹில் மேட்டிலிருந்து கீழே நோக்கினால் துறைமுகத்து நீர்ப்பரப்பும், தீவுகளுக்கிடையே சென்றுவரும் கப்பல்களும் கண்ணிற்படும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரின் ஃபீனிக்ஸ் விரிகுடாத் துறையிலிருந்துதான் ஆசிரியர்கள் பிற தீவுகளுக்குப் பணியேற்கச் செல்கின்றனர். இங்குக் கூடியிருக்கும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களில் ஒருவர் கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் பேயில் நியமனம் பெறுவாராயின், கடலில் ஓரிரு நாட்களைக் கழித்த பின்னரே தம் பள்ளியைக் காண்பார். அப்போது அவர் கையில் என்ன இருக்கும், அதைக்கொண்டு அவர் என்ன செய்வார் என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

வகுப்பறையில் புதிய கருவிகளைப் பயன்படுத்த இயலாமைக்கு நெடுங்காலம் ஒரு காரணம் சொல்லப்பட்டு வந்தது. சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. இணைய வசதி முழுவதும் செயற்கைக் கோளை நம்பியிருந்தது. அது மெதுவானது, செலவு மிகுந்தது என்பது அக்காரணம். அது பொய்யன்று. ஆனால் 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னை-அந்தமான் கடலடிக் கண்ணாடியிழை வடம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வடம், ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய்ச் செலவில், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லிட்டில் அந்தமான், ரங்கத், லாங் ஐலண்டு, சுவராஜ் துவீப் ஆகிய இடங்களையும் இணைக்கிறது. இணைப்பு இல்லை என்ற காரணம் இதனால் பெருமளவு வலுவிழந்துவிட்டது. எஞ்சி நிற்பது ஆசிரியரின் ஆயத்தம் பற்றிய வினா.

இவ்வினா நம் நாட்டுக்குப் புதியதன்று. 1961ஆம் ஆண்டிலேயே தில்லிப் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக் கோள் வழித் தொலைக்காட்சிக் கல்விச் சோதனை ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களை எட்டியது. கிராம மக்கள் மின்திரையில் உழவுச் செய்திகளைக் கண்டு வியந்ததைப் பலரும் எழுதியுள்ளனர். அச்சோதனையின் மற்றொரு பகுதியைப் பலர் மறந்துவிட்டனர். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 50,000 பேருக்கு அறிவியல் கற்பிப்பதில் 12 நாள் பயிற்சி அதன் வழியே அளிக்கப்பட்டது. தொலைக்காட்சி அப்பயிற்சியின் ஒரு கூறு மட்டுமே. வானொலி இருந்தது, அச்சிட்ட கையேடு இருந்தது, ஆசிரியர்கள் தம் கையால் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் இருந்தன. திரையில் கண்டதை உடனே மேசைமேல் செய்து பார்க்கும்படி ஆசிரியரைத் தூண்டுவதற்கே கருவி பயன்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் இதைவிடச் சிறந்த முன்மாதிரியைக் காட்டுவது கடினம்.

பின்னர் வந்தவை பல. 1984இல் கணிப்பொறி அறிவுத் திட்டம் பள்ளிகளுக்குக் கணிப்பொறிகளைக் கொணர்ந்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து வானொலிப் பெட்டிகளும் வண்ணத் தொலைக்காட்சிகளும் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. அக்கொள்கையின் விளைவாகத் தோன்றிய மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்களில் கல்வித் தொழில்நுட்பத்துக்கெனத் தனிப் பிரிவே வகுக்கப்பட்டது. 2004 செப்டம்பர் 20ஆம் நாள் கல்விக்கென்றே உருவான 'எடுசாட்' செயற்கைக் கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது.

அதன்பின் நூறு நாட்கள்கூட ஆகவில்லை, டிசம்பர் 26 வந்தது. அன்று என்ன நேர்ந்தது என்பதை இத்தீவுகளில் யாருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அந்தமான் கடலின் மறுகரையில் நடந்த ஒன்று ஆசிரியர் பணியோடு நேரடித் தொடர்புடையது. தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல்நீர் நுரைத்துக் குமிழியிட்டு விந்தையாக நடந்துகொள்வதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அவளுடைய புவியியல் ஆசிரியர் ஆழிப்பேரலையைப் பற்றிப் பாடம் நடத்தி, 1946இல் ஹவாய்த் தீவுகளைத் தாக்கிய பேரலையின் பழைய படத்தையும் வகுப்பில் காட்டியிருந்தார். சிறுமி கூச்சலிட்டாள், பெற்றோர் காவலரிடம் கூறினர், கரையிலிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ நூறு பேர் உயிர் பிழைத்தனர்.

அப்படம் கறுப்பு வெள்ளைப் படம். அதைக் காட்டிய கருவியும் அரியதொன்றன்று. வேறுபாட்டை உண்டாக்கியது ஆசிரியர் செய்த மற்றொரு செயல். அலை வருமுன் கடல் எவ்வாறு தோன்றும், எதனை நோக்க வேண்டும் என்பதை அவர் படத்தோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். 'பாருங்கள்' என்று மட்டும் கூறிப் படத்தை ஓடவிட்டிருந்தால், பெரிய அலை ஒன்றைக் கண்ட வியப்பு மட்டுமே அக்குழந்தையிடம் எஞ்சியிருக்கும்.

பயிற்சிக் கல்லூரிகளில் இத்திறன் எங்கே கற்பிக்கப்படுகிறது? தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக நீட்டியபோது, தகவல் தொழில்நுட்பத்தைத் திறனாய்ந்து புரிந்துகொள்வதற்கென ஒரு பகுதியையும் சேர்த்தன. நோக்கம் உயர்ந்தது. ஆனால் நாட்டின் பல பயிற்சி நிலையங்களில் அது ஒரு தனித்தாளாகவே நின்றுவிடுகிறது. மாணவ ஆசிரியர் கணிப்பொறி அறையில் காட்சிப் பக்கங்கள் தயாரிக்கிறார், மதிப்பெண் பெறுகிறார். அடுத்த அறையில் கணிதம் கற்பிக்கும் முறையைப் பயில்கிறார். இரண்டும் அவர் மனத்தில் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. கற்பித்தற் பயிற்சிக்குப் பள்ளிக்குச் செல்லும்போது வண்ணத்தாளில் வரைந்த படத்தையே எடுத்துச் செல்கிறார். (அப்படம் பல வேளைகளில் நன்றாகவே பயன்படுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

பாடப்பொருள் அறிவு, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு, கருவி பற்றிய அறிவு ஆகிய மூன்றும் கூடுமிடத்திலேயே நல்ல கற்பித்தல் நிகழ்கிறது என்று புன்யா மிஸ்ராவும் மாத்யூ கோலரும் 2006இல் அமெரிக்காவில் எழுதினர். அனுபவமிக்க தலைமையாசிரியர் எவரும் இதைக் கேட்டு வியப்படையமாட்டார். எனினும் கல்லூரிக் கால அட்டவணைகள் அவ்வுண்மையை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.

இதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு; நிதியாண்டு முடிவதற்குள் அதைச் செய்து முடித்து, எத்தனை பெட்டிகள் வழங்கப்பட்டன என்று அறிக்கையில் எழுதிவிடலாம். ஆசிரியரை ஆயத்தம் செய்வது ஆண்டுதோறும் தொடரும் செலவு. அதன் பயன் எந்தப் பட்டியலிலும் உடனே தெரிவதில்லை. ஆகவே முதலாவது எளிதில் அனுமதி பெறுகிறது, இரண்டாவது சுருங்குகிறது. பெரு நாட்டில் குழந்தைக்கு ஒன்றாக மடிக்கணினி வழங்கிய திட்டத்தைக் கிராமப்புறப் பள்ளிகள் 319இல் ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு, கணிதத்திலோ மொழியிலோ முன்னேற்றம் காணப்படவில்லை என்பதாகும். மடிக்கணினிகள் பழுதுபட்டவை என்று எவரும் சொல்லவில்லை. அத்துடன் தீவுகளில் கருவியின் ஆயுளும் குறைவு. உப்புக் காற்றும் நீண்ட மழைக்காலமும் அதை அரிக்கின்றன. மின்சாரம் பெரும்பாலும் டீசல் மின்னாக்கிகளிலிருந்து கிடைக்கிறது. பழுது பார்ப்பதற்கான தொகையை ஒதுக்காமல் வாங்கப்படும் கருவி, சில பருவங்களில் அலமாரிப் பொருளாகிவிடும்.

மொழியும் கவனத்திற்குரியது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி எனப் பல மொழியினர் இங்கு வாழ்கின்றனர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 சதவிகிதம். 2017இல் தொடங்கப்பெற்ற 'தீக்ஷா' தளத்தில் தமிழ்ப் பாடங்கள் ஏராளம். ஆனால் அவற்றுட் பல தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்காக ஆக்கப்பட்டவை. தீவுகளின் பள்ளிகளோ மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் வழி நடப்பவை. எதை எடுப்பது, எதை விடுவது, எந்த இடத்தில் படத்தை நிறுத்தி வினா எழுப்புவது என்பதைத் தமிழ் வழிப் பள்ளிக்குச் செல்லும் ஆசிரியரே தீர்மானிக்க வேண்டும். நிக்கோபாரி பேசும் குழந்தைகளுக்கு ஆயத்தப் பாடங்கள் மிக அரிது. அங்கே பாட்டியின் கதையைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து வகுப்பில் கேட்கச் செய்யும் ஆசிரியர், விலைகொடுத்துப் பெறவியலாத ஒரு பாடத்தைத் தாமே ஆக்கியவராகிறார்.

பயிற்சி மாணவர் ஒருவர் ஆறாம் வகுப்பில் ஓதங்களைப் பற்றி, அதாவது கடல்நீர் உயர்ந்து தாழ்வதைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியுள்ளது எனக் கொள்வோம். நிலவும் பூமியும் சுற்றிவரும் இயங்குபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைக் காட்டிவிட்டுப் பாடத்தை முடித்துவிடலாம். வேறு வழியும் உண்டு. ஒரு வாரத்துக்கு முன்பே, பெரியவர் ஒருவரின் துணையுடன், படகுத்துறைத் தூணில் நீர் ஏறி நிற்கும் உச்ச அளவையும் நேரத்தையும் குறித்துவரச் சிறுவர்களைப் பணிக்கலாம். கரும்பலகையில் அட்டவணை வளரும். உயர் ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வருகிறது என்பதை அவர்களே கண்டறிவர். ஏன் என்ற வினா அவர்கள் வாயிலிருந்து வந்தபின் படத்தை மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிலவு நகர்ந்திருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

அந்த நிமிடத்தில் மின்சாரம் நின்றுவிடுவதும் உண்டு. அப்போது மேசைமேல் ஒரு தேங்காயைப் பூமியாகவும் ஒரு பாக்கை நிலவாகவும் வைத்துப் பாடத்தைத் தொடரத் தெரிந்திருக்க வேண்டும். கற்பித்தற் பயிற்சியை மேற்பார்வையிடும் பேராசிரியரின் மதிப்பீட்டுத் தாளில் கருவியை இயக்கியதற்கு ஒரு கட்டம் இருக்கிறதென்றால், கருவி நின்றபோது பாடம் நிற்காமல் காத்ததற்கும் ஒரு கட்டம் சேர்க்கப்பட வேண்டும்.