கதையில் சுவை எங்கே இருக்கிறது?

(உன்னிச்சையில் நடந்த வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து பதுளை வீதியால் இறங்கி உன்னிச்சைக் குளத்தடிக்கு வந்திருக்கிறீர்கள். இங்குள்ளவர்கள் வயல்காரர், நீங்கள் கொழுந்து எடுப்பவர்கள். தொழில் வேறு என்றாலும் கதை கேட்கும் காது ஒன்றுதான். நீங்கள் "அப்புறம் என்னாச்சு?" என்பீர்கள். மட்டக்களப்பில் "பிறகு என்னகா நடந்த?" என்பார்கள். இந்தக் கேள்வி வராவிட்டால் அந்தக் கதையில் சுவையில்லை.

"முடிவு தெரிஞ்சா கதை சப்புனு போயிடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறோம். சிவன் நெற்றிக்கண் திறப்பார், காமன் எரிவான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ரதி அழும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. இந்தப் பக்கத்து வடமோடிக் கூத்தும் அப்படித்தான். பாரதப் போரின் முடிவு தெரிந்தவர்களே களரியைச் சுற்றி விடிய விடிய இருக்கிறார்கள். ஒருவருக்கு ஓர் ஆசை, அதற்கு ஒரு தடை, அதை அவர் எப்படித் தாங்கினார் என்று பார்க்கத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

அடுத்தது, கதையில் வரும் விவரம். "ஒரு பெண் கஷ்டப்பட்டு உழைத்தாள்" என்றால் மனதில் ஒன்றும் நிற்காது. விடியுமுன் ரொட்டி சுட்டு வைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஓடினாள். பின்னேரம் தராசடியில் முழுப்பேரா, அரைப்பேரா என்று நெஞ்சு அடிக்க நின்றாள் என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தராசை நாமும் விடாமல் பார்ப்போம்.

நம்மவர்கள் இப்படி எழுதியிருக்கிறார்கள். தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' 1979இலும், என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1980இலும் தொகுதிகளாக வந்தன. ஜோசப்பின் 'மீன்கள்' கதையில் ஒரு குடும்பம் லயத்து ஒற்றைக் காம்பராவில் முடங்கிக் கிடக்கிறது. "லயம் கூடாது" என்று பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. அந்த நெருக்கடியைக் காட்டினாலே போதும், வாசிக்கிறவருக்கு வெட்கமும் கோபமும் தானாக வரும். ஆள் பேசும் பேச்சும் நம் வாய்ப்பேச்சாக இருக்கும்போது, "அட, இது நம்ம பக்கத்துக் காம்பரா!" என்று தோன்றும்.

இதைப் பிள்ளைகளுக்காகவே சொல்கிறோம். புத்தகம் என்றால் பரீட்சை என்று பயந்த பிள்ளை, பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடும். கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்ன காலத்தில் நம் பெரியவர்கள் எவ்வளவு ஏமாந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். விரும்பி வாசிக்கிற பிள்ளையை அப்படி ஏமாற்ற முடியாது.

ஆகவே வேலை முடிந்து அடுப்படியில் குந்தியிருக்கும்போது, பிள்ளையை ஒரு கதை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத ஆச்சியும் கேட்கட்டும். முடிந்ததும் "இதுல என்ன நீதி?" என்று கேட்காதீர்கள். "யாரைப் பார்த்துப் பாவமா இருந்திச்சு? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று கேளுங்கள். பிறகு ஆச்சியிடம் ஒரு பழைய கதை கேட்டு, அவர் சொல்கிறபடியே ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதையும் நாளை ஒருவர் ஆசையோடு வாசிப்பார்.