நாம் ஏன் அவனுக்குக் கைதட்டுகிறோம்?

(தொழிலாளர் வாசகசாலை ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பகல் ஷிப்டு முடித்து வந்தவர்களும், விடிந்தால் நடவுக்குப் போகவேண்டியவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய கதைகளில் கதாநாயகன் பொய் சொல்லமாட்டான், திருடமாட்டான், கடைசியில் ஜெயிப்பான். வில்லன் கெடுதலே செய்வான், கடைசியில் தோற்பான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொருவன் உண்டு. கதையே அவனைச் சுற்றித்தான் நடக்கும். ஆனால் அவன் செய்வது குற்றம். குற்றம் என்று தெரிந்தும் நம் மனம் அவன் பக்கமே சாய்கிறது. இவனைத்தான் எதிர்நாயகன் என்கிறார்கள். ருஷ்ய எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கி 1864லேயே ஒரு நூலில் இந்தச் சொல்லைக் கையாண்டார். இரண்டு ஆண்டு கழித்து 'குற்றமும் தண்டனையும்' நாவலில், வட்டிக்குக் கொடுக்கும் கிழவியைக் கொன்ற ஓர் ஏழை மாணவனையே நடுவில் நிறுத்தினார்.

நம் நாட்டுச் சினிமாவில் இப்படிப்பட்டவனுக்கு மிகப் பெரிய கைதட்டல் கிடைத்தது 1975ல். படத்தின் பெயர் 'தீவார்'. சுவர் என்று பொருள். சலீம்-ஜாவேத் எழுதி, யஷ் சோப்ரா இயக்கி, அமிதாப் பச்சன் நடித்த இந்திப் படம். 1981ல் இதே கதை ரஜினிகாந்த் நடிக்க 'தீ' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. கொட்டகையில் விசிலடித்துப் பார்த்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். நானும் கைதட்டியவன்தான். ஏன் தட்டினேன் என்று பிற்பாடுதான் யோசித்தேன்.

கதையின் ஆரம்பத்தைப் பாருங்கள். தகப்பன் ஒரு தொழிற்சங்கத் தலைவர். நேர்மையானவர். வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்துகிறார். முதலாளி அவருடைய மனைவி மக்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடு, இல்லையேல் இவர்கள் உயிர் இல்லை என்கிறான். அவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். நடந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவர் பின்னால் நின்ற தொழிலாளிகளே அவரை அடிக்கிறார்கள். அவர் ஊரைவிட்டு ஓடிப்போகிறார். சின்னப் பையன் விஜய்யைப் பிடித்து, என் அப்பன் திருடன் என்று கையில் பச்சை குத்திவிடுகிறார்கள். தாய் இரண்டு பிள்ளைகளோடு பம்பாய்க்குப் போய், கட்டட வேலையில் செங்கல் சுமக்கிறாள்.

விஜய் வளர்ந்து துறைமுகத்தில் சுமை தூக்குகிறான். அவன் கையில் 786 என்ற நம்பர் பில்லை. கூலி கொடுக்கும் நாளில் ரவுடிகள் வந்து ஆளாளுக்கு மாமூல் பிடுங்குகிறார்கள். கொடுக்க மறுத்த ஓர் இளம் தொழிலாளி செத்துப்போகிறான். விஜய் கொதிக்கிறான். ரவுடிகளின் கிடங்குக்குத் தனியாகப் போகிறான். கதவைப் பூட்டுகிறான். அத்தனை பேரையும் அடித்துப் போடுகிறான்.

இந்த இடத்தில்தான் கொட்டகை அதிர்ந்தது. அதிர்ந்ததில் தப்பில்லை தோழர்களே! மேஸ்திரிக்கு மாமூல் அழுதவனுக்கும், அளந்து போட்ட கூலி நெல்லில் மரக்கால் குறைந்ததைப் பார்த்தும் வாய் திறக்க முடியாமல் நின்றவளுக்கும் நெஞ்சில் அடைத்துக்கிடந்த கோபம் அது. அந்தக் கோபம் நிஜம். அதைப் பொய் என்று சொல்கிறவன் ஒரு மூட்டைகூடத் தூக்கியிருக்க மாட்டான்.

படம் வந்த காலத்தையும் மறந்துவிடக் கூடாது. 1975 ஜனவரியில் வெளியான படம் அது. அதற்கு எட்டு மாதம் முன்பு, 1974 மே மாதத்தில், லட்சக்கணக்கான ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் இருபது நாளில் அது நசுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள், வேலை இழந்தார்கள். பல பேர் சேர்ந்தும் தோற்ற நேரத்தில், ஒற்றை ஆள் ஜெயிக்கிற கதை மனதுக்கு மருந்தாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. கதவைப் பூட்டி அடித்தானே, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? ஒரு கடத்தல் முதலாளி அவனைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறான். விஜய் துறைமுகத்தை விட்டுப் போகிறான். பணம் குவிகிறது. தாய் செங்கல் சுமந்த கட்டடத்தையே விலைக்கு வாங்குகிறான். நாம் மறுபடியும் கைதட்டுகிறோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மற்றவர்கள் கதி என்ன? அவர்கள் கூலி உயர்ந்ததா? படம் அதைக் கேட்கவே இல்லை. அவர்களில் ஒருவனாக நின்றவரை அவன் கோபம் எல்லாருடைய கோபம். தனியாகப் போனதும் அது அவனுடைய சொத்தாகிவிட்டது.

தம்பி ரவி போலீஸ் அதிகாரியாகிறான். அவன் வழி நியாயமா? படத்திலேயே பதில் இருக்கிறது. ஓடுகிற பையனை ரவி சுட்டுவிடுகிறான். பையன் திருடியது ரொட்டி. அவன் தகப்பன் ஓர் ஏழை வாத்தியார். இந்தக் காட்சியை வைத்த எழுத்தாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கடைசியில் அண்ணனைத் தம்பியே சுட, அவன் தாய் மடியில் சாகிறான். காக்கிச்சட்டை போட்ட துப்பாக்கி, போடாத துப்பாக்கி என்று இரண்டே வழியைக் காட்டிப் படம் முடிகிறது.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அது தகப்பனுடைய வழி. அந்த வழியைப் படம் ஆரம்பத்திலேயே ரயிலேற்றி அனுப்பிவிட்டது. பிற்பாடு அந்த மனிதர் ரயிலில் அநாதைப் பிணமாகத்தான் கிடைக்கிறார்.

எதிர்நாயகன் என்றாலே துப்பாக்கியும் பணமும் வேண்டுமா? 1948ல் இத்தாலியில் டிசிகா எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தைப் பாருங்கள். அதில் நாயகனாக நடித்தவரே ஓர் ஆலைத் தொழிலாளி. போஸ்டர் ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் வேண்டும். அது திருட்டுப் போகிறது. தேடி அலைந்து சோர்ந்தவன், தானே ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபடுகிறான். மகன் கண்முன்னே அவமானப்படுகிறான். அவன் பெரிய ஆளாவதில்லை. அழுதபடி மகன் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நடக்கிறான். அந்தப் படத்துக்கு யாரும் விசிலடிப்பதில்லை. வேலையில்லாமை ஒரு நல்ல மனிதனை என்ன செய்யும் என்று புரிந்துகொண்டு வெளியே வருகிறோம். விஜய்யைப் போல ஆகவேண்டும் என்று ஆசைப்படுவான் இளைஞன். இவனைப் பார்த்தால், இவன் நிலை யாருக்கும் வரக்கூடாது என்று நினைப்பான்.

கடைசியாக, நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. விஜய்யைக் கெடுத்தது முதலாளி மட்டுந்தானா? பச்சை குத்திய கை யாருடையது? நம்முடையது! ஒரு தோழன் சறுக்கினால் உடனே கருங்காலி என்கிறோம். அவன் பெண்டாட்டி குழாயடிக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளை கேலி செய்கிறது. கருங்காலி இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறான். காசுக்கு விலைபோனவன் வேறு, கழுத்தில் கத்தி வைத்ததால் பணிந்தவன் வேறு. எது என்று அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டீர்களா? மிரட்டல் வந்த இரவில் அவன் வாசலில் பத்துப் பேர் படுத்திருந்தீர்களா? அந்தப் பத்துப் பேர் இருந்திருந்தால் அந்தக் கையெழுத்தும் இல்லை, அந்தப் பச்சையும் இல்லை.

சினிமா பாருங்கள். மனம் வந்தால் கைதட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: அவன் துறைமுகத்தை விட்டுப் போன மறுநாள் அங்கே மூட்டை தூக்கியவர் யார்? அந்த ஆளின் கதையை இனிமேல்தான் யாராவது எழுதவேண்டும். அது உங்களில் ஒருவராக இருந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம்.