மலைக்கு மணி அடிக்காது

(கோடைச் சுற்றுலா குறித்து முடிவெடுக்க நடந்த பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



தண்ணீர் லாரிக் கணக்கும் ஜெனரேட்டர் டீசல் கணக்கும் ஒருவழியாக முடிந்தன. இனி சந்தோஷமான விஷயம்: மே மாதச் சுற்றுலா. நீலகிரிக்குப் போக இதுவரை 52 பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். மொத்தம் 12 கார்கள். அதில் நான்கு, ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புகள். சனிக்கிழமை அதிகாலை எல்லோரும் வரிசையாகக் கிளம்புவது, மறுநாள் ஜீப் வைத்திருப்பவர்கள் 'ஆஃப் ரோடு' போவது என்று திட்டம். வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக இதே பேச்சுதான். அந்தத் திட்டத்தை மாற்றும்படி கேட்கத்தான் வந்திருக்கிறேன். கோபப்படாமல் பத்து நிமிடம் கேளுங்கள்.

நம் லிஃப்டுக்குள் ஒரு தகடு இருக்கிறது. '13 நபர்கள், 884 கிலோ' என்று எழுதியிருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. பொங்கல் விழா அன்று கவனித்திருப்பீர்கள். பதினான்காவது ஆள் ஏறியதும் மணி அடித்தது, கதவு மூடவில்லை. யாரும் சண்டை போடவில்லை. கடைசியாக ஏறியவர் சிரித்துக்கொண்டே "அடுத்ததுல வர்றேனுங்க" என்று இறங்கிக்கொண்டார். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. லிஃப்ட் தாங்குவது அவ்வளவுதான், மணி அதைச் சொல்லிவிட்டது.

மலைக்கு அப்படி ஒரு மணி கிடையாது. பதினான்காவது ஆளும் ஏறலாம், ஆயிரத்துப் பதினான்காவது ஆளும் ஏறலாம். கதவு மூடிக்கொண்டே இருக்கும், ஒருநாள் கயிறு அறும்வரை.

2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத்தான் கையில் எடுத்தது. சீசன் நாட்களில் நீலகிரிக்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நுழைகின்றன என்ற கணக்கு அங்கே வைக்கப்பட்டது. அந்த ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், சனி ஞாயிறுகளில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அதாவது, மலையில் இல்லாத மணியை நீதிமன்றம் கட்டிவிட்டது. ஆனால் அந்த மணி சோதனைச் சாவடியோடு சரி. அதைத் தாண்டி உள்ளே போன பிறகு நாம் எந்தப் புல்லில் வண்டியை ஏற்றுகிறோம், எங்கே பாட்டு வைக்கிறோம், எதை எங்கே போடுகிறோம் என்பதற்கு எந்த இ-பாஸும் காவல் நிற்காது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி இருக்கிறது. நானே செய்திருக்கிறேன்.

நம்மில் சிலருக்கு நினைவிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் குந்தா பக்கம் ஒரு ஊருக்கு 30 பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு வாடகை ஜீப். வனத்துறை நிலம் இல்லை அது. ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் புல்வெளி. மேட்டுக்கு ஒரு ஜீப் தடம் போகிறது. பாதி வழியில் எங்களுக்கு முன்னால் வேறு பத்துப் பதினைந்து வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கும்தான். நான்தான் டிரைவரிடம் சொன்னேன், "ஓரமா புல்லு மேல ஏத்திப் போயிடலாமே" என்று. அவர் தயங்கினார். "தடத்த விட்டு எறங்கக் கூடாதுங்க சார், மண்ணு போயிரும்" என்றார். "ஒரு தடவதானே" என்றேன். ஆறு ஜீப்பும் ஏறின. நல்ல ஃபோட்டோ கிடைத்தது. அந்த வருட மலரின் அட்டையில் வந்ததே, அதுதான்.

அடுத்த வருடம், மழைக்காலம் முடிந்து, நானும் என் மனைவியும் மட்டும் அதே ஊருக்குப் போனோம். அதே டிரைவர். நாங்கள் ஏறிய இடத்தில் இரண்டு வாய்க்கால்கள் ஓடின. என் முழங்கால் ஆழம். அதன் இரண்டு பக்கமும் புதிதாக இன்னும் நாலைந்து சக்கரத் தடங்கள். நான் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்: "நீங்க போன தடத்துலதானுங்க அப்பறம் எல்லாரும் போனாங்க." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரே ஒரு தடம் எப்படி வாய்க்கால் ஆகிறது என்று பிறகு படித்துப் பார்த்தேன். மலைப் புல்வெளியின் வேலை, மழையைப் பிடித்து வைப்பது. புல்லின் வேர்ப்பின்னலும் அதன் கீழே உள்ள பொலபொலப்பான மண்ணும் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. அது மெல்லக் கசிந்து பள்ளத்துச் சதுப்புக்கும் ஓடைக்கும் வருகிறது. அதனால்தான் மழை நின்ற பிறகும் மலை ஓடைகளில் நீர் ஓடுகிறது. ஒன்றரை டன் ஜீப் ஏறியதும் அந்த மண் இறுகிவிடும். புல் செத்துவிடும். இறுகிய மண்ணுக்குள் நீர் இறங்காது. சக்கரம் பதிந்த பள்ளம் சரிவிலேயே இருப்பதால், மேலிருந்து வரும் மழைநீர் அதையே வாய்க்காலாகப் பிடித்துக்கொண்டு மண்ணை அறுத்துக்கொண்டு ஓடும். பள்ளம் ஆழமானதும் அடுத்து வருகிறவர் அதில் இறங்காமல் பக்கத்துப் புல்லில் ஓட்டுவார். அதுவும் பள்ளமாகும். அதற்கும் பக்கத்தில் அடுத்தவர். இதில் யாரும் வில்லன் இல்லை. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் போனவர் விட்ட தடத்தைத்தான் பார்த்தார்.

அந்தப் புல்வெளி எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று தோன்றலாம். குந்தா பக்கத்து நீர் பவானிக்குப் போகிறது. பவானியில் பில்லூர் அணை இருக்கிறது. பில்லூரிலிருந்து கோயம்புத்தூருக்குக் குடிநீர் வருகிறது. நம் சம்ப்பில் விழுகிறதே, அதுதான். இன்று காலை அரை மணி நேரம் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று விவாதித்தோம். நான் ஜீப் ஏற்றியதால்தான் லாரி வந்தது என்று சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆள் நான் இல்லை. ஆனால் நாம் ஃபோட்டோ எடுக்கப் போகும் இடமும் நம் தண்ணீர்த் தொட்டியும் ஒரே குழாயின் இரண்டு முனைகள்.

வண்டி மட்டும் இல்லை. குப்பை, பாட்டில், ஸ்பீக்கர், குரங்குக்கு சிப்ஸ், எல்லாமே 'நான் ஒருவன்தானே' என்ற அதே கதைதான். காட்டில் வீசிய மது பாட்டில் உடைந்து யானையின் காலில் ஏறுகிறது. எத்தனை பலகை வைத்தும் பாட்டில் வீசுவது குறையவில்லை. கடைசியில், 2022 மே மாதம், நீதிமன்ற உத்தரவின்பேரில் நீலகிரியில் ஒரு வழி செய்தார்கள். டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவது, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தந்துவிடுவது. வீசிய பாட்டில்கள் கடைக்குத் திரும்ப ஆரம்பித்தன. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அந்த ஏற்பாடு போனது. அறிவுரைக்கு அசையாத கை பத்து ரூபாய்க்கு அசைந்தது. நாமும் அதே கைகள்தான். அதனால்தான் 'எல்லோரும் பொறுப்பாக நடந்துகொள்வோம்' என்று பேசிவிட்டு உட்கார நான் விரும்பவில்லை. கிளம்பும் முன்பே ஏற்பாட்டை மாற்றுவோம் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வார இறுதி மலையேற்றம் வந்தவர்கள், கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போல வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இரண்டு நாள் காற்று வாங்கப் போனவர்கள்தான். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. கூட்டம் பெரிதானால், யார் முன்னால் போனார், யார் பின்தங்கினார் என்பதே தெரியாமல் போகும். நம் பட்டியலில் 70 வயதைத் தாண்டியவர்கள் ஐந்து பேர், பத்து வயதுக்குக் கீழே ஒன்பது பிள்ளைகள். இரவு 'கேம்ப் ஃபயர்' போடலாம் என்று வேறு ஒரு யோசனை குழுவில் வந்திருக்கிறது. அது வேண்டவே வேண்டாம். கோடையில், காய்ந்த புல் நடுவில், எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

குரங்கணிக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். ஆன்லைனில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். எளிய பாதை, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் நடக்கக்கூடிய பாதையும் கிடைக்கும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். 52 பேரும் ஒரே நாளில் போக வேண்டாம். மூன்று குழுவாகப் பிரிவோம். ஒரு குழுவுக்கு 17, 18 பேர். செவ்வாய், புதன் போன்ற வார நாட்களில், மூன்று வெவ்வேறு வாரங்களில் போவோம். 12 கார் வேண்டாம், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேன் போதும். பன்னிரண்டு இ-பாஸுக்குப் பதில் மூன்று. முன்பதிவு செய்த பாதையில் மட்டும் நடப்போம். கொண்டுபோனது அத்தனையும், வாழைப்பழத் தோல் உட்பட, வேனில் திரும்பி வரட்டும். ஜீப் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. அதற்கென்றே அமைத்த தனியார் களங்கள் இருக்கின்றன. அங்கே சேற்றில் புரளுங்கள், நானும் கூட வருகிறேன். புல்வெளி வேண்டாம்.

இதற்கு மூன்று ஆட்சேபனைகள் வந்திருக்கின்றன. முதலாவது, "எல்லோரும் சேர்ந்து போனால்தானே சந்தோஷம்?" உண்மை. ஆனால் போன தடவை ஆறு ஜீப்பில் போன 30 பேரில் எத்தனை பேரோடு நான் பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். என் ஜீப்பில் இருந்த நாலு பேரோடுதான். 17 பேர் ஒரே வேனில் போனால் 17 பேரும் பேசிக்கொள்வோம்.

இரண்டாவது, "நாம் போனால்தானே அந்த ஊர்க்காரர்களுக்கு வருமானம்?" அதுவும் உண்மை. சனி ஞாயிறில் அவர்களுக்கு ஆள் குறைவில்லை. செவ்வாய்க்கிழமைதான் டீக்கடையும் ஜீப்பும் காத்துக் கிடக்கின்றன. மே மாத ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலை நெரிசலில் நிற்பது நாம் மட்டும் இல்லை. பிரசவத்துக்குப் போகும் உள்ளூர்ப் பெண்ணும் அதே வரிசையில்தான் நிற்கிறாள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. "20,000 வண்டியில் நம் 12 குறைந்தால் என்ன ஆகிவிடும்?" இந்தக் கேள்விக்கு நான் ஒரு வருடம் பதில் தேடினேன். பதில் அந்த டிரைவர் சொன்னதிலேயே இருக்கிறது. நாங்கள் போன தடத்தில்தான் மற்றவர்கள் போனார்கள். கெட்ட தடத்துக்கு அது உண்மை என்றால், நல்ல தடத்துக்கும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். நம் செய்தி மடலைப் பக்கத்துக் குடியிருப்புகளும் படிக்கின்றன. மழைநீர் சேகரிப்பு நாம் செய்த பிறகு எதிர்த்த குடியிருப்பிலும் செய்தார்கள். குப்பை பிரிப்பதும் அப்படித்தான் பரவியது.

வார நாளில் விடுப்பு எடுப்பது சிலருக்குக் கஷ்டம் என்று தெரியும். அவர்களுக்காக மூன்றாவது குழுவை, பள்ளி திறக்கும் முன் வரும் அரசு விடுமுறையை ஒட்டிய நாளில் வைக்கலாமா என்று செயலாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேன் வாடகை ஆளுக்குக் கொஞ்சம் கூடலாம், பெட்ரோல் செலவு மிச்சமாகும். கணக்குப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. அட்டையில் வந்த அந்த ஃபோட்டோவை என் வீட்டு ஹாலில் மாட்டியிருந்தேன். போன மாதம் கழற்றிவிட்டேன். இந்த வருட மலருக்கு வேறு படம் வேண்டும். பாதையில் வரிசையாக நடக்கும் நம் பிள்ளைகளின் முதுகு தெரியும் படமாக இருந்தால்கூடப் போதும்.

வாசல் பக்க மேசையில் மூன்று தாள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் 18 கோடுகள். பத்தொன்பதாவது பெயர் வந்தால் மணி அடிக்காது, ஆனால் கோடு இருக்காது. அப்போது "அடுத்ததுல வர்றேனுங்க" என்று சிரித்துக்கொண்டே அடுத்த தாளில் எழுதுங்கள்.