படகுக் குழாய்களின் மரையும் அளவும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கடலையே ஜீவனமாகக் கொண்ட நம் சமூகத்தார்க்குக் காற்றையும் அலையையும் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பாய்மரத்தை விட்டு இஞ்சினைக் கைக்கொண்ட பின் நமக்கு ஒரு புதுச் சத்துரு வாய்த்திருக்கிறது. அது படகின் அடியிலுள்ள ஒரு சிறு துவாரம். கடல்நீரை உள்ளிழுத்து இஞ்சினைக் குளிர்விக்கும் படகுகளில், நாமே அடித்தட்டைத் துளைத்துக் குழாயொன்றைச் செருகி, அதன்மேல் சீகாக் என்னும் அடைப்பானைப் பொருத்துகிறோம். நீர்மட்டத்திற்கு 60 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் அகலத் துவாரம் திறந்துகொண்டால், நிமிடத்திற்குச் சுமார் 60 லிட்டர் நீர் புகும். ஒரு மணி நேரத்தில் மூன்றரை டன்! கடன்பட்டு வாங்கிய படகைத் துறையில் கட்டிவிட்டு வீட்டில் உறங்குபவன் இதனை எங்ஙனம் அறிவான்?

இத்துவாரத்தைக் காத்து நிற்பது குழாயின் மரையே. அதிலோ இரு வம்சங்கள் உண்டு. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பார் 1841-ஆம் ஆண்டில் திருகு மரைகளுக்குப் பொது அளவு வேண்டுமென்று கூறி, மரையின் கோணத்தை 55 பாகையாக வகுத்தார். நம் நாட்டுக் கடைகளில் விற்கும் குழாய் மரை அவ்வழி வந்தது. அமெரிக்காவில் ராபர்ட் பிரிக்ஸ் வகுத்த அளவு 1886-ல் பொது அளவாக ஏற்கப்பட்டது. அதன் கோணம் 60 பாகை. அயல்நாட்டு இஞ்சினோடும் பம்போடும் இந்த மரை நம் துறைக்கும் வந்து சேருகிறது.

அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டிற்கும் அங்குலத்திற்கு 14 மரைகளே. ஆகையால் ஒன்றில் மற்றொன்று ஏறும். ஏறியதைக் கண்டு வேலைக்காரரும் திருப்தியடைவார். கோணம் வேறாகையால் இடுக்கு நின்று நீர் கசியும். ஒரு அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரையிலோ பிரிட்டிஷ் மரை 11, அமெரிக்க மரை பதினொன்றரை. சில சுற்றிலேயே இறுகிவிடும். அதனை நல்ல இறுக்கமென்று கொள்வது பெரும் பேதைமை.

இன்னொரு பேதமும் உளது. நீர் கசியாமல் மரையே அடைக்க வேண்டிய இடத்திற்குச் சரிவு மரை. அதன் சரிவு பதினாறுக்கு ஒன்று. வாஷர் வைத்து அடைக்கும் இடத்திற்கு நேர்மரை. உலக அளவில் முன்னதன் வெளிமரைக்கு ஆர் என்றும், பின்னதற்கு ஜி என்றும் குறியிடுவர். இந்திய நியமங்களில் முன்னது 554-ஆம் எண், பின்னது 2643-ஆம் எண். அடித்தட்டுக் குழாயின் வெளிமரை பெரும்பாலும் நேரானது. நட்டு நெடுக ஓடி அடித்தட்டை இறுகப் பிடிப்பதற்காக அங்ஙனம் செய்வர். அதன் தலையில் வீட்டுக் குழாய்க்குரிய சரிவு மரை வால்வை ஏற்றினால் இரண்டு மூன்று சுற்றே பிடிக்கும். எத்தனை டேப்பு சுற்றினும் பிடிமானம் பெருகாது. ஒருவர் கால் தவறி அதன்மேல் மிதித்தால் போதும்.

அளவின் பெயரும் மயக்கம் தருவதே. ஒரு அங்குலக் குழாயில் அடிகோல் வைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் வெளிமரையின் குறுக்களவு 33.249 மில்லிமீட்டர்! பழைய இரும்புக் குழாயின் உள்துவாரத்தை ஒட்டி வைத்த பெயர் அது. ரப்பர் ஹோசுக்கோ உள்ளளவே பெயர்: ஒரு அங்குலம் 25 மில்லிமீட்டர், ஒன்றேகால் 32, ஒன்றரை 38. மரையை அளந்து 33 என்று கண்டவர் ஒன்றேகால் ஹோஸ் வாங்கி வந்து, தளர்வைக் கிளிப்பால் நெரிப்பார்; ரப்பர் மடிந்து, மடிப்பின் வழியே நீர் வரும். ஹோஸ் ஏறும் வால்பகுதியைத்தான் அளக்க வேண்டும். நீர்மட்டத்திற்குக் கீழே இரண்டு கிளிப்புகள் போடுவது நலம், விலை அற்பமே.

உலோகத்தையும் கவனியுங்கள். சாதாரணப் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் கரைத்துவிடும். மஞ்சள் நிறம் மாறிச் செம்மை படர்ந்தால் அது உள்ளே இற்றுப்போயிற்று. வெண்கலமே தகும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் காலமும் அதுவே. அதற்குள் 55 பாகைக்கும் 60 பாகைக்கும் உரிய மரைச் சீப்புகளும், ஒரு வெர்னியர் அளவியும் வாங்கிச் சங்கக் கட்டிடத்தில் வைக்குமாறு காரியதரிசியைக் கேட்டிருக்கிறோம். அங்கத்தினர் தம் வால்வைக் கழற்றிக் கொண்டுவந்து அளந்து பார்த்துக்கொள்ளலாம்.