மழைக்கு முன்னாடி நம்ம வீட்டையும் பார்ப்போம்

(கூமாப்பட்டியில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் கணக்காளர் பேசியது)



வருஷா வருஷம் நான் வரவு செலவு வாசிப்பேன். இன்னைக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஐப்பசி ராத்திரி, விடாத மழை. அலுவலகச் சாவி என்கிட்ட இருந்தது. கணக்கு நோட்டெல்லாம் நனைஞ்சிருமேன்னு ஓடினேன். எல்லாத்தையும் பீரோ மேல ஏத்தி, தார்ப்பாய் போட்டு மூடிட்டு வீட்டுக்கு வந்தா, முழங்கால் தண்ணி. நடக்க முடியாத மாமியாரைக் கட்டில்ல வச்சுக்கிட்டு, என் ரெண்டு பிள்ளைகளும் இருட்டுல அழுதுக்கிட்டு இருக்குதுக. ஆதார், ரேஷன் கார்டு, அவங்க பிரஷர் மாத்திரை எல்லாம் நனைஞ்சு போச்சு. உங்க நோட்டுல ஒரு பக்கம்கூட நனையல.

என்னை யாரும் போகச் சொல்லல. ஆனா சாவி வச்சிருக்கிறவ வீட்டை யார் பார்க்கிறதுன்னு நானும் யோசிக்கல, நாம யாரும் யோசிக்கல.

நம்ம ஊர் மலையடிவாரம். இங்க வெயில் அடிக்கும்போதே மேல மழை கொட்டினா ஓடையில திடீர்னு தண்ணி வந்திரும். 2015 மே மாசம் சதுரகிரிக்குப் போன பக்தர்கள் அப்படி வந்த காட்டாற்று வெள்ளத்துல உயிர் விட்டாங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. அப்போ ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோன ரயில்ல சுமார் 800 பேர். சுத்தி வெள்ளம் நிக்கும்போதும் பக்கத்துப் புதுக்குடி மக்கள்தான் அவங்களுக்குச் சமைச்சுக் கொடுத்தாங்க.

நாளைக்கு நம்ம ஊர்ல முகாம் போட்டா யாரைக் கூப்பிடுவாங்க? பள்ளிக்கூடத்துல காலை உணவு சமைக்கிற நம்ம அக்காமாரைத்தான். கணக்காளர், பயிற்றுநர், சமையல் பண்றவங்க எல்லாரும் நம்மள நம்பி வேலை பார்க்கிறவங்க. வீட்டுல உசுரு கிடந்து தவிக்கும்போது அவங்களால எப்படிக் கரண்டி பிடிக்க முடியும்?

அதனால நாலு விஷயம் கேக்குறேன்.

ஒண்ணு, வேலைக்குப் போற ஒவ்வொருத்தி வீட்டுக்கும் ஒரு துணை வீடு. அவ வெளியே இருந்தா, வயசானவங்களையும் பிள்ளைகளையும் மேடான இடத்துக்குக் கூட்டிட்டுப் போறது அந்த வீட்டுப் பொறுப்பு. யாருக்கு யார்னு இப்பவே எழுதி வைப்போம்.

ரெண்டு, ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பிளாஸ்டிக் பை. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல், ஒரு வாரத்து மாத்திரை, டார்ச், கொஞ்சம் சில்லறை. கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைச்சு, ஆடு மாட்டை அவிழ்த்து விடணும். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலத்துக்கு. இந்த ரெண்டு நம்பரையும் சுவத்துல எழுதிப் போடுங்க, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்க.

மூணு, காப்பீடு. வருஷம் 20 ரூபாய் கட்டுற விபத்துக் காப்பீட்டுல, வெள்ளத்துல உயிர் போனாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். 18 வயசுல இருந்து 70 வரைக்கும் சேரலாம். மே மாசக் கடைசியில கணக்குல பணம் இல்லைன்னா அது புதுப்பிக்காமப் போயிரும். வாரிசு பேர் சரியா இருக்கான்னு குழுக் கூட்டத்துல பாஸ்புக்கைக் கொண்டு வாங்க, நானே பார்த்துச் சொல்றேன்.

நாலாவது, வெள்ளத்தால வேலைக்கு வர முடியாதவங்களுக்கு அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. வீடு நனைஞ்சவங்களுக்கு நலிவு நிலை குறைப்பு நிதியில இருந்து அந்த வாரமே கொடுக்கணும். எவ்வளவு, யார் முடிவு பண்றதுன்னு மழைக்கு முன்னாடியே தீர்மானம் போடணும். தண்ணி வந்தப்புறம் கையெழுத்து வாங்க யாரைத் தேடுறது?

அடுத்த கூட்டத்துல இந்தத் தீர்மானத்தை நான் எழுதிக் கொண்டு வர்றேன். ஐப்பசிக்கு முன்னாடி எல்லாரும் கையெழுத்துப் போடணும். அலுவலகச் சாவிக்கும் இன்னொரு ஆள் வேணும், யார் வாங்கிக்கிறீங்கன்னு அன்னைக்குச் சொல்லுங்க.