மூக்குக்குத் தெரியாத வாயு



செபராங் பிறையில் கம்போங் செலாமாட் பக்கம் போய் வந்தவர்களுக்கு அங்குள்ள பன்றிப் பண்ணைகளின் நாற்றம் தெரியும். பண்ணைக் கழிவு சுங்கை கெரே ஆற்றைக் கெடுப்பதாகக் கம்பத்து மக்கள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். 2016இல் பினாங்கு மாநிலம் பன்றி வளர்ப்புக்கென்றே சட்டம் இயற்றியது.

நாற்றத்தை மூக்கு காட்டிக்கொடுக்கும். ஆனால், கழிவுக் குளத்தில் எழும் மீத்தேன் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எடைக்கு எடை, 100 ஆண்டுக் கணக்கில், அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. இதை எப்படி அளப்பது?

1776இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா, ஏரிச் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைப் போத்தலில் பிடித்தார். இன்றும் வழி ஏறக்குறைய அதுதான். அடிப்பாகம் திறந்த பெட்டி ஒன்றைக் குளத்தின்மேல் கவிழ்த்து மிதக்கவிடுகிறார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழாயால் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் மீத்தேன் எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறார்கள். குமிழி எல்லா இடத்திலும் ஒரே சீராக வராது. அதனால் பல இடங்களில், பகலிலும் இரவிலும் அளக்கவேண்டும்.

என் மாணவி ஒருத்தி, "எங்கள் வீட்டுப் பசுவும் பூமியைச் சூடாக்குமா, சார்?" என்று கேட்டாள். பசு அசைபோடும்போதும் மீத்தேன் வருகிறது. அது முழுக்க நம் கையில் இல்லை. சாணம் நம் கையில் இருக்கிறது.

காலநிலை மாற்றத்திற்கான உலக அறிஞர் குழு 2006இல் தந்த கணக்கைக் கேளுங்கள். நம்மைப்போன்ற வெப்ப நாட்டில், சாணத்திலிருந்து வரக்கூடிய மீத்தேனில், திறந்த குளத்தில் தேங்கினால் 100க்கு 80 பங்கு வெளியேறும். குவியலாக வைத்தால் 5 பங்குதான். காற்றுப் புகாத நீருக்கடியில்தான் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செழிக்கின்றன.

ஆகவே, கொட்டகையைக் கழுவிச் சாணத்தைக் குழியில் தேக்காதீர்கள். முதலில் வாரிக் குவித்து, மழை படாமல் மூடி, தோட்டத்துக்கு எருவாக்குங்கள். பெரிய பண்ணைகள் குளத்தைக் கூடாரம்போல் மூடினால், அதே வாயு அடுப்பெரிக்கவும் மின்சாரம் எடுக்கவும் உதவும்.

இன்னொன்று. கழிவுக் குழிக்குள் எவரும் இறங்கவேண்டாம். அங்கு தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது, ஆளையும் கொல்லும். மூக்கை நம்பாதீர்கள், பிள்ளைகளையும் அருகில் விடாதீர்கள்.